கொரியர்கள் உட்காராத மேஜை

1945 ஆகஸ்ட் 10 இரவு. வாஷிங்டனில் இரண்டு அமெரிக்க ராணுவ அதிகாரிகளுக்கு ஒரு வேலை தரப்பட்டது. ஜப்பான் சரணடையப் போகிறது, சோவியத் படை வடக்கிலிருந்து வந்துகொண்டிருக்கிறது, கொரியாவில் யார் எதுவரை என்று ஒரு கோடு போட வேண்டும். அவகாசம் அரை மணி நேரம்! டீன் ரஸ்க், சார்லஸ் போன்ஸ்டீல் இருவருமே கொரியா நிபுணர்கள் அல்ல. நேஷனல் ஜியாக்ரபிக் வரைபடம் ஒன்றை விரித்து, 38-வது அட்சரேகையைக் காட்டினார்கள். சியோல் நகரம் தங்கள் பக்கம் வர வேண்டும் என்பதுதான் அவர்களுடைய கவலை. ஸ்டாலினும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். கொரியர் ஒருவரிடமும் யாரும் கேட்கவில்லை.

இது அந்த நாட்டுக்குப் புதிதும் அல்ல. 1894-ல் கொரியா யாருக்கு என்று சீனாவும் ஜப்பானும் சண்டை போட்டன. 1895-ல் கொரிய ராணியை ஜப்பானியர்கள் அரண்மனைக்குள்ளேயே புகுந்து கொன்றார்கள். உயிருக்குப் பயந்த மன்னர் கொஜோங் அடுத்த வருடம் ரஷ்யத் தூதரகத்துக்கு ஓடி, ஒரு வருடம் அங்கிருந்தே நாட்டை ஆண்டார். சொந்த ஊரில், அந்நியர் வீட்டுத் திண்ணையில் அரசாட்சி! 1905-ல் ரஷ்யாவும் ஜப்பானும் போரை முடித்துக் கையெழுத்திட்டபோது கொரியாவில் ஜப்பானின் ஆதிக்கம் ஏற்கப்பட்டது. அந்தச் சமாதானத்தைச் செய்துவைத்த தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கொரியாவுக்குக் கிடைத்தது 35 வருட அடிமைத்தனம்.

பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 1950 ஜூலையில், போர் தொடங்கி மூன்றே வாரத்தில், அதிபர் சிங்மன் ரீ தென்கொரியப் படைகளின் கட்டுப்பாட்டை ஜெனரல் மெக்ஆர்தரிடம் ஒப்படைத்தார். வடகொரிய டாங்கிகள் சியோலைப் பிடித்துவிட்ட நேரம் அது. அன்றைக்கு வேறு வழி இல்லை. ஆனால் அமைதிக்காலக் கட்டுப்பாடு திரும்பி வந்தது 1994-ல்தான். போர்க்காலக் கட்டுப்பாடு இன்னும் வரவில்லை. நாளை சண்டை மூண்டால் தென்கொரியப் படைகள் செயல்படப் போவது ஓர் அமெரிக்க ஜெனரலின் தலைமையில்.

போலந்துக்கு டாங்கி விற்கும் நாடு இது. இந்திய ராணுவத்தின் வஜ்ரா பீரங்கிகூட கொரியாவின் கே9-தான். இப்படிப்பட்ட நாட்டுக்குத் தன் படையை நடத்தத் தெரியாதா என்ன?

தெரியும், ஆனால் தலைமையை வாங்கிக்கொண்டால் அமெரிக்கா மெல்லக் கழன்றுகொள்ளும் என்பது சியோல் பழமைவாதிகளின் பயம். அந்தப் பயத்தைக் கேலி செய்ய முடியாது. எல்லையிலிருந்து சியோலுக்கு ஐம்பது கிலோமீட்டர்தான். வடகொரியா 2006 முதல் 2017 வரை ஆறு முறை அணுகுண்டு சோதித்திருக்கிறது. சுயசார்பு, சுயசார்பு என்று முழங்கும் பியோங்யாங் 2024-ல் ரஷ்யாவோடு ராணுவ ஒப்பந்தம் போட்டு, ரஷ்யாவின் போருக்குத் தன் பையன்களை அனுப்பியது தனி வேடிக்கை.

ஆனால் முடிவு ஓரிடத்தில், செலவு இன்னோரிடத்தில் என்றிருப்பது எந்த வியாபாரத்திலும் நிலைக்காது. 2016-ல் அமெரிக்காவின் தாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பை நிறுவ சியோல் சம்மதித்தது. அதற்கு நிலம் கொடுத்தது லோட்டே நிறுவனம், தன் கோல்ஃப் மைதானத்தை. சீனா என்ன செய்தது? அமெரிக்கா மேல் கை வைக்கவில்லை. தீயணைப்பு விதி சரியில்லை என்று சொல்லி லோட்டேயின் கடைகளை வரிசையாக மூடியது, கொரியாவுக்குப் போகும் சுற்றுலாக் குழுக்களை நிறுத்தியது. 2018-ல் லோட்டே தன் சீன சூப்பர் மார்க்கெட்டுகளை விற்றுவிட்டு வெளியேறியது. அடி வாங்குபவர் கொரியர் என்றால் முடிவெடுக்கும் நாற்காலியிலும் கொரியர்தான் உட்கார வேண்டும். அமெரிக்க ஜெனரல் துணைத் தளபதியாக இருக்கட்டும். கூட்டணி அதனால் முறிந்துவிடாது.

திட்டமும் அதேதான். 2012-ல் ஒப்படைப்போம் என்றார்கள். அது 2015 ஆனது. 2014-ல் தேதியையே எடுத்துவிட்டு, 'நிபந்தனைகள் நிறைவேறும்போது' என்று எழுதிக்கொண்டார்கள். 2025-ல் பதவிக்கு வந்த லீ ஜே-மியுங் அரசு தன் பதவிக்காலத்துக்குள் இதை முடிப்பதாகச் சொல்லியிருக்கிறது. அவர் முதலில் கேட்டு வாங்க வேண்டியது ஒரு தேதி.