காய்ச்சல் தணிந்தது, நுரையீரல் தேறியதா?

"காய்ச்சல் விட்டது, நாளையே வேலைக்குப் போகலாமா?" என்பது வீடு திரும்பும் நோயாளர் பலரும் கேட்கும் கேள்வி. குடும்ப வருவாயை எண்ணி எழும் நியாயமான கேள்விதான். ஆயினும், வெப்பமானியை மட்டும் நம்பி இதற்கு விடை கூறலாகாது.

நுரையீரலில் ஏறத்தாழ 48 கோடி காற்று நுண்ணறைகள் உள்ளன. அவற்றின் சுவரிலுள்ள இரண்டாம் வகை உயிரணுக்கள், நுண்ணறைகள் சுருங்கி ஒட்டாதவாறு ஒரு நீர்மத்தைச் சுரக்கின்றன. சிதைந்த சுவரைப் புதுப்பிக்கும் குருத்தணுக்களாகவும் விளங்குகின்றன. எல்லாச் சளிக்காய்ச்சலும் அவ்வளவு ஆழம் செல்வதில்லை. ஆனால் இன்ஃபுளுவென்சாவோ கொரோனாவோ நுரையீரலின் அடிவரை இறங்கினால், இவ்வணுக்களையும் தாக்குகிறது. வீடு இடிந்த வேளையில் கொத்தனாரும் படுத்துவிட்டதற்கு ஒப்பானது அந்நிலை. எஞ்சிய அணுக்கள் பெருகிப் பழுதைச் சீர்செய்யும். அதற்கு வாரங்கள், கடும் பாதிப்பாயின் மாதங்களும் ஆகலாம்.

மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களில் உளிபட்டு எழும் கருங்கல் தூசியில், நுரையீரலைத் தழும்பாக்கும் சிலிக்கா உண்டு. விறகடுப்புப் புகையும் பீடிப் புகையும் தீங்கானவையே. தேறிவரும் நுரையீரலின்மீது இச்சுமையை ஏற்றுதல் தகாது.

முழு ஓய்வில் முடங்கவும் வேண்டா. மருத்துவர் கூறும் அளவில் நடையும் மூச்சுப் பயிற்சியும் நன்று. படியேறுகையில் மூச்சு வாங்கினால் மீண்டும் வருக. இருமல் 2 வாரம் கடந்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்க. சிற்பக் கூடத்தாரும் படகு உரிமையாளரும் தேறிவருவோர்க்குச் சில காலம் இலகுவான பணி தருவார்களாக. அதுவும் மருந்தே.