செய்தவன் பெயர்

ஒரு பொருளைக் கண்டு வியக்கும்பொழுது, அதனைச் செய்தவன் யாவன் என்று வினவுதல் மாந்தர்க்கு இயல்பு. நூலாயின் ஆசிரியனை வினவுகின்றோம். பாட்டாயின் புலவனை வினவுகின்றோம். ஆனால், கல்லாலும் இரும்பாலும் ஆகிய பொருளாயின், செய்வித்த அரசன் பெயரைக் கேட்ட அளவில் அமைந்து விடுகின்றோம். 'இவை மாமல்லன் செய்தவை' என்று கடற்கரைக் கோயில்களைச் சுட்டிப் பேசும் நாம், மாமல்லன் தன் கையால் உளி பிடித்தானல்லன் என்பதை எண்ணுவதில்லை. இது நம் கல்வியிலுள்ள ஒரு குறை என்பதும், அதனை நீக்குதற்குரிய வாயில் செங்கற்பட்டு நாட்டிலேயே திறந்து கிடக்கின்றது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

தொழிலாளன் பெயரை ஆராய்வதையே ஒரு கலையாக வளர்த்த நாடு ஜப்பான். ஆதலின், அந்நாட்டு வாள்களைப் பற்றி முதற்கண் சிறிது அறிதல் நலம். 1876-ஆம் ஆண்டில் பொதுவிடங்களில் வாள் தரித்துச் செல்லுதல் அங்கே சட்டத்தால் விலக்கப்பட்டது. போர்க்கருவியாயிருந்த வாள், அதன்பின் பெரும்பாலும் கலைப்பொருளாகவே போற்றப்பட்டு வருகின்றது. உலகின் பல பகுதிகளிலும் அதனைத் தேடிச் சேர்ப்போர் உளர். அன்னோர் ஒரு வாளைப் பெற்றவுடன் செய்வது யாது? பிடியிலுள்ள மூங்கில் ஆணியை மெல்லக் கழற்றி, பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதியை வெளிப்படுத்துவர். கொல்லன் தன் பெயரைச் சிற்றுளியால் வெட்டி வைத்த இடம் அதுவே. நாடு, ஊர், பெயர் ஆகியவை ஒரு புறத்திலும், ஆண்டும் திங்களும் மறுபுறத்திலும் இருத்தல் உண்டு. அரையில் அணியும்பொழுது வெளிப்புறம் நோக்கும் பக்கத்தில் பெயரை வெட்டுதல் பெருவழக்காதலின், அவ்வாள் எம்முறையில் அணியப்பட்டது என்பதையும் அதனைக் கொண்டே உய்த்துணர்வர். இப்பெயர்ப் பொறிப்பிற்கு அவர்கள் மொழியில் 'மெய்' என்று பெயர். நம் மொழியில் உண்மையைக் குறிக்கும் சொல்லோடு இஃது ஓசையில் ஒத்திருத்தல் தற்செயலே. ஆயினும், இதன் கண் ஒரு நகைச்சுவை உண்டு. ஏனெனில், அம்மெய்களுள் பொய்யானவை மிகப் பல. பதினேழாம் நூற்றாண்டில் எடோ நகரில் வாழ்ந்த நாகஸோனே கொதெத்ஸு என்னும் புகழ்பெற்ற கொல்லனுடைய பெயரைத் தாங்கிய போலி வாள்கள் எண்ணிறந்தன. அதற்கு மாறாக, பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விளங்கிய மாஸமுனே என்பானுடைய வாள்களிற் பெரும்பாலானவற்றில் பெயரே இல்லை.

இதனால், பெயரைக் கண்டவுடன் நம்பிவிடுதல் அங்கே அறிவுடைமையாகக் கருதப்படுவதில்லை. வாள் தேர்ச்சிக்கூட்டங்களில் அடிப்பகுதியைத் துணியால் மறைத்துவிட்டு வாளை மட்டும் மாணவன் கையில் கொடுப்பர். அவன் அதன் வளைவையும், இரும்பின் இழையையும், வாய்முனையில் ஓடும் வெண்ணிற அலைக்கோட்டையும் கூர்ந்து நோக்கி, 'இஃது இன்னான் கைவேலை' என்று எழுதித் தருதல் வேண்டும். வேலையை முதலில் படித்தல், பெயரைப் பின்னர்ப் படித்தல், இரண்டும் பொருந்துகின்றனவா என்று சீர்தூக்குதல்: இம்மூன்றுமே அக்கல்வியின் சாரம். அடிப்பகுதியிலுள்ள கருந்துருவை ஒருபோதும் தேய்த்து நீக்கலாகாது என்பது அதற்கோர் உறுதியான விதி. அத்துருவே வாளின் வயதிற்குச் சான்றாதலின், அதனைத் துலக்குவோன் சான்றை அழித்தவனாவான்.

ஈண்டு இன்னுமொரு செய்தி கருதத்தக்கது. பழைய நெடுவாள்களைப் பிற்காலத்தார் தம் வசதிக்கேற்ப அடிப்புறத்தில் வெட்டிக் குறைத்தனர். அங்ஙனம் வெட்டியபொழுது கொல்லன் பெயரும் உடன் வெட்டுண்டு போயிற்று. சிலர் மட்டும், பெயருள்ள சிறு துண்டைத் தனியே எடுத்து, குறைத்த வாளின் அடியில் மீண்டும் பதித்து வைத்தனர். பெயரை இழந்த வாள்களுக்கு ஹோனாமி குடும்பத்துத் தேர்வாளர் தாம் ஆராய்ந்து துணிந்த பெயரைப் பொன்னெழுத்திற் பதித்தலும் உண்டு. வாளை ஆண்ட பிரபுவின் பெயரைக் காட்டிலும், அதனை அடித்த கொல்லன் பெயரைக் காப்பதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட முயற்சி இத்துணை.

நிற்க. நம் நாட்டு நிலை என்ன? தமிழ்நாட்டு உருக்கின் உயர்வு உலகறிந்தது. 'ஊட்ஸ்' என்று மேனாட்டார் வழங்கிய தென்னிந்திய உருக்கைப் பற்றி 1795-இல் பியர்ஸன் என்பார் லண்டன் ராயல் சங்கத்தில் ஆராய்ச்சியுரை வெளியிட்டார். 1819-இல் மைக்கேல் பாரடே அதனைச் சோதித்தார். சோதித்தவர் பெயர்களை நாம் அறிவோம். உருக்கியவர் பெயர் ஒன்றேனும் அறியோம். சென்னை எழும்பூர் அருங்காட்சிசாலையில் தஞ்சை அரண்மனைப் படைக்கலங்கள் பல இருக்கின்றன. ஆயினும், தென்னாட்டு வாள்களிற் கொல்லன் பெயரைக் காண்டல் அரிது.

எனினும், நம் முன்னோர் அனைவரும் பெயரின்றி மறைந்தனர் என்று சொல்லுதல் பொருந்தாது. மாமல்லபுரத்தை அடுத்துள்ள பூஞ்சேரியில், நொண்டி வீரப்பன் தொட்டி எனப்படும் பாறையிடத்தே, பழைய எழுத்திற் சில பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பய்யமிழிப்பான், சாதமுக்கியன், கலியாணி, திருவொற்றியூர் அபாஜர், கொல்லன் சேமகன் என்பன அவை. இவர்கள் பல்லவர் காலத்து மாமல்லபுரப் பணியில் ஈடுபட்ட தொழிலாளர் என்று அறிஞர் கொள்வர். இப்பெயர்களைச் சற்று நின்று படியுங்கள். ஒருவனுக்குப் பெருந்தச்சன் என்னும் தகுதி உண்டு. ஒருவருக்குத் திருவொற்றியூர் என்னும் ஊர் உண்டு. ஒருவனுக்குக் கொல்லன் என்னும் தொழில் உண்டு. கல்வேலை நடக்குமிடத்திற் கொல்லனுக்கு என்ன வேலை என்று கேட்பார்க்கு விடை எளிது. கருங்கல்லில் உளி நாழிகைக்கு நாழிகை மழுங்கும். அதனைக் காய்ச்சி அடித்துக் கூராக்குவான் அருகில் இல்லையேல் சிற்பியின் கை ஓயும். சேமகன் செய்த தொழில் இதுவேயாயின், அவன் ஒரு சிற்பமும் செதுக்காமலே எல்லாச் சிற்பங்களிலும் பங்கு கொண்டவனாவான்.

தர்மராஜ ரதத்தின் மேனியில் அரசனுடைய பட்டப்பெயர்கள் வரிசை வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தொழிலாளர் பெயர்களோ ஊர்ப்புறத்துப் பாறையில் ஒதுங்கிக் கிடக்கின்றன. அடி வெட்டுண்ட வாளும் துண்டாகிப்போன பெயரும் போல, இங்கே வேலை ஓரிடத்தும் பெயர் வேறோரிடத்தும் பிரிந்து நிற்கின்றன. இவற்றைக் கண்டவுடன், 'பெருந்தவப் பாறையைச் செதுக்கியவன் கேவாத பெருந்தச்சனே' என்று முடிவு கட்டிவிட நம் உள்ளம் விரைகின்றது. அங்ஙனம் செய்தல் போலி வாளில் கொதெத்ஸுவின் பெயரை வெட்டுதற்கு ஒப்பாகும். எவன் எதைச் செய்தான் என்று துணிதற்குச் சான்று இன்று இல்லை. இல்லாத சான்றை அன்பினால் உண்டாக்குதலும் பொய்யே. பெயரைப் பெயராகவே போற்றுதல் போதும்.

'நம் சிற்பிகள் தம்மை மறைத்துக்கொண்டவர். பெயர் விரும்புதல் மேனாட்டு வழக்கம்' என்று கூறுவோர் பலர். அவர்கள் கூற்றில் உயர்ந்த எண்ணம் இருப்பினும் சான்று இல்லை. காஞ்சியை வென்ற இரண்டாம் விக்கிரமாதித்தன் காலத்துப் பட்டடக்கல் விருபாக்ஷர் கோயிலில், குண்டன் என்னும் சிற்பிக்குத் திரிபுவனாசாரி என்னும் பட்டம் அளிக்கப்பட்டமை கல்லிற் பொறிக்கப்பட்டுளது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டில் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன் பெயர் காணப்படுகின்றது. சோமநாதபுரத்துச் சிற்பங்களின் கீழ் மல்லிதம்மன் தன் பெயரை வெட்டியுள்ளான். நம் வேதாகமத்திலும், ஆசரிப்புக்கூடார வேலைக்கென்று பெசலெயேலும் அகோலியாபும் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகின்றனர். தெய்வப்பணியாதலின் செய்தவன் பெயர் வேண்டா என்று அங்கே விடப்படவில்லை. பணிவு என்பது ஒருவன் தானே மேற்கொள்வது. பிறர் அவன்மேற் சுமத்துவது பணிவாகாது, மறதியாகும்.

இவ்விஷயம் பழமையோடு முடிந்துவிடுவதன்று. மாமல்லபுரத் தெருக்களில் இன்றும் உளியோசை கேட்கின்றது. 1957-இல் அங்கே தொடங்கப்பெற்ற அரசினர் சிற்பக் கல்விச்சாலை, பின்னர்க் கல்லூரியாக வளர்ந்து, வழிவழி மாணவரைப் பயிற்றி வந்துளது. அங்கிருந்து கற்சிலைகள் கோயில்களுக்கும் வீடுகளுக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் செல்கின்றன. அவற்றை வாங்குவோருள் செய்தவன் பெயரைக் கேட்போர் எத்தனை பேர்? வழிபாட்டுத் திருவுருவில் மனிதன் பெயர் எழுதலாகாது என்பாரும் உளர். அவர்கள் கருத்தை மதித்தல் வேண்டும். ஆயின், ஜப்பானியக் கொல்லன் தன் பெயரை வாளின் முகத்தில் எழுதவில்லை. பிடிக்குள் மறைத்தன்றோ வைத்தான்! அவ்வாறே பீடத்தின் அடியில், பார்வைக்குப் புலனாகாதபடி, பெயரும் ஊரும் ஆண்டும் மூன்று வரியில் வெட்டிவைத்தால் யார்க்கு என்ன குறை? இன்னும் முந்நூறு ஆண்டு கழித்து அச்சிலையைப் புரட்டிப் பார்ப்பவன், இவ்வூரில் இன்னான் வாழ்ந்தான் என்று அறிவான்.

மாணவ நண்பர்காள்! உல்லாசப் பயணமாக மாமல்லபுரம் செல்லும் நீங்கள், அடுத்த முறை பூஞ்சேரிக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பழந்தமிழ் எழுத்தும் கிரந்த எழுத்தும் ஓரளவு கற்றுச் செல்லுங்கள். சில திங்களிற் கற்கத்தக்கவையே அவை. பாறையில் சுண்ணமோ வண்ணமோ தடவாதீர்கள்; தேய்க்காதீர்கள்; கண்ணாற் படித்துக் கையால் எழுதிக்கொள்ளுங்கள். பழஞ்சின்னங்களின்மீது தம் பெயரைக் கீறிவிட்டு வருவோரைக் காண்கின்றோம். ஒன்றும் செய்யாதார் பெயர் எல்லார் கண்ணிலும் படும் இடத்திலும், அனைத்தும் செய்தார் பெயர் எவரும் செல்லாத இடத்திலும் இருத்தல் முறையோ? நம் கல்லூரியில் இனி வாங்கப்படும் சிலையாயினும், நாற்காலியாயினும், செய்தவர் பெயரைக் கேட்டு அதன் அடியில் எழுதுவித்தல் நம்மால் இயல்வதே. பெயரைப் படிக்கக் கற்றவர்க்குப் பெயரை எழுதச் செய்யும் கடமையும் உண்டு.