அடித்தவன் ஒருவன், பெயர் இன்னொருவனுக்கு!

பகலெல்லாம் பட்டறையில் பாடுபட்டுவிட்டு, இரவில் டீக்கடைத் தொலைக்காட்சி முன்னால் நின்று கிரிக்கெட் பார்க்கும் தோழன் கேட்கிறான்: "பந்து எல்லைக்கு அப்பால் போய் விழுந்தால் ஆறு ஓட்டம். அதைச் சொல்ல இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு?"

கேள்வி சின்னது. பதில் சின்னதல்ல.

2008-இல் ஐ.பி.எல். பந்தயம் தொடங்கியது. 5 ஆண்டுக்கு 200 கோடி ரூபாய் கொடுத்து, டி.எல்.எப். என்ற கட்டடக் கம்பெனி பந்தயத்தின் தலைப்பில் தன் பெயரைப் பொறித்துக்கொண்டது. தலைப்போடு நின்றதா? இல்லை! வர்ணனையாளர் நாக்கிலும் ஏறி உட்கார்ந்தது. சிக்சர் "டி.எல்.எப். மேக்சிமம்" ஆயிற்று. அருமையாகப் பிடித்த பந்து "கார்பன் கமால் கேட்ச்" ஆயிற்று. சாதனைக் கட்டம் "சிட்டி மொமெண்ட் ஆஃப் சக்சஸ்" ஆயிற்று. ஒன்று கட்டடக்காரருக்கு, ஒன்று கைப்பேசிக்காரருக்கு, ஒன்று வங்கிக்காரருக்கு!

2009-இல் ஆட்டத்தின் நடுவே 7½ நிமிடம் நிறுத்தி, அதற்கு "வியூக இடைவேளை" என்று பெயர் சூட்டினார்கள். ஏழரை என்றாலே நடுங்குகிற நாட்டில், இந்த ஏழரை மட்டும் விளம்பரக்காரருக்கு யோகமாயிற்று!

மேக்சிமம் என்றால் அதற்கு மேல் இல்லை என்று பொருள். நோபாலில் சிக்சர் அடித்தால் ஏழு ஓட்டம் சேர்கிறதே? விலைக்கு வாங்கிய சொல்லுக்குப் பொருள் எதற்கு! 2012-ஓடு அந்தக் கம்பெனி விலகியது. "யெஸ் பாங்க் மேக்சிமம்" வந்தது. குடியிருந்தவர் காலி செய்தார், அடுத்தவர் குடிவந்தார். அவ்வளவுதான்.

வானொலியில் அப்துல் ஜப்பார் தமிழில் வர்ணனை செய்த காலத்தை எண்ணிப் பாருங்கள். கேட்பவன் கண்ணால் காணமுடியாது. பந்து எங்கே விழுந்தது, எத்திசையில் போனது, யார் துரத்தினார் என்று சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருந்தது.

இன்று தொலைக்காட்சியிலும் தமிழ் வர்ணனை வருகிறது. வரவேற்கிறோம். தெருப் பேச்சு என்று முகம் சுளிப்பவரல்ல நாம். அதற்கு உயிர் உண்டு. ஆனால் பந்துக்குப் பந்து "வேற லெவல்", "மரண மாஸ்" என்று கூவினால், நல்ல ஆட்டம் எது, நொண்டி ஆட்டம் எது என்று எப்படித் தெரியும்? எல்லாமே வேறு லெவல் என்றால், எதுவுமே வேறு லெவல் இல்லை!

பழக்கத்தால் வந்த கூச்சலைத் திருத்திவிடலாம். காசுக்கு வந்த சொல்தான் ஆபத்து. அதைக் கேட்டுக் கேட்டு, சந்தில் ஆடும் சிறுவனும் கம்பெனிப் பெயரைச் சொல்லியே சிக்சர் அடிக்கிறான். சுவரில் எழுதுவதென்றால் வீட்டுக்காரரைக் கேட்கவேண்டும். இது நம் தோழர்களுக்குத் தெரியும். நம் பிள்ளையின் நாக்கில் எழுத யாரைக் கேட்டார்கள்? என்ன வாடகை கொடுத்தார்கள்?

வர்ணனையாளர்களே! உங்கள் மீது நமக்குக் கோபமில்லை. எழுதிக் கொடுத்ததைச் சொல்லும் நிலை உங்களுக்கு. ஆனாலும் கேட்கிறோம்: அடித்தவன் பெயரைச் சொல்லுங்கள், பந்து போன திசையைச் சொல்லுங்கள். உழைத்தவனுக்கே பெயர் என்பது ஆலையில் நியாயமென்றால், ஆடுகளத்திலும் அதுவே நியாயம்!