கரண்ட் கம்பெனிக்கு நீங்கதான் முதலாளி!

கரண்ட் பில் கட்டுகிறவரே அந்த கரண்ட் கம்பெனிக்கு முதலாளியாகவும் இருந்தால் எப்படி இருக்கும்? தமாஷ் இல்லைங்க. அமெரிக்க கிராமங்களில் பல வருஷமாக நடக்கிற கதை இது.

1930களின் நடுவில் அங்கே நகரத்து வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு மின்சாரம் வந்துவிட்டது. பண்ணைகளிலோ பத்தில் ஒன்றுக்குத்தான். தனியார் கம்பெனிகளின் கணக்கு சிம்பிள்: வீட்டுக்கு வீடு இவ்வளவு தூரம் இருந்தால், கம்பி இழுத்த காசு எப்போது திரும்பும்? 1935ல் அதிபர் ரூஸ்வெல்ட் கிராம மின்மயத்துக்கென்றே ஓர் அமைப்பை உருவாக்கினார். அது குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்தது. விவசாயிகள் சங்கம் அமைத்து, அந்தக் கடனில் கம்பம் நட்டு, தங்கள் ஊருக்குத் தாங்களே வெளிச்சம் கொண்டுவந்தார்கள். 1950களில் பத்தில் ஒன்பது பண்ணைகளில் விளக்கு எரிந்தது.

இன்று சுமார் 900 சங்கங்கள், 4 கோடிக்கும் மேற்பட்ட மக்கள். எவ்வளவு கரண்ட் செலவழித்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டுதான். அந்த ஓட்டில் இயக்குநர் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வருஷக் கடைசியில் செலவு போக மிஞ்சுவது, அவரவர் வாங்கிய மின்சாரத்துக்கு ஏற்ப அவரவர் கணக்கில் ஏறும். சில வருஷம் அது சங்கத்துக்கு முதலாக இருக்கும். பிறகு நிதி நிலைமையைப் பார்த்துத் திருப்பித் தருவார்கள்.

அப்படியென்றால் பில் எப்போதும் குறைவா? இல்லை. ஒரு மைல் கம்பிக்கு வீடுகள் குறைவு, அதனால் பராமரிப்புச் செலவு ஆளுக்கு அதிகம். ஆனால் லாபம் எங்கோ இருக்கிற பங்குதாரர் பைக்குப் போவதில்லை. அதுதான் விஷயம்.

சரி, எல்லாம் சொர்க்கமா? அதுவும் இல்லை. டெக்ஸாஸில் பெடர்னாலெஸ் என்று ஒரு பெரிய சங்கம். பின்னாளில் அதிபரான லிண்டன் ஜான்சன், எம்.பி.யாக இருந்தபோது 1938ல் அதற்குக் கடன் வாங்கித் தந்தார். அதே சங்கத்தின் உறுப்பினர்கள் 2007ல் தங்கள் நிர்வாகத்தின் மீதே வழக்குப் போட வேண்டியிருந்தது. 2010ல் முன்னாள் பொது மேலாளர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. வழக்குக்குப் பிறகுதான் இயக்குநர் தேர்தலில் உண்மையான போட்டியே வந்தது.

எனக்குத் தோன்றுவது இதுதான். பல சங்கங்களில் பத்து சதவீதம் பேர்கூட ஓட்டுப் போடுவதில்லை. நம்ம கிளாஸ் ரெப் தேர்தல் மாதிரி, "யாரோ பார்த்துப்பாங்க" என்று விட்டுவிடுகிறார்கள். கூட்டுறவு நம் கையில் சாவியைக் கொடுக்கும். கதவை நாம்தான் திறக்கணும். கூட்டத்துக்கே போகாத முதலாளி, கடைசியில் வெறும் கஸ்டமர்தான்!