கவிஞர்களுக்கு இடமுண்டா?

அமெரிக்க வணிகப் பள்ளிகளின் பேச்சுவழக்கில் 'கவிஞர்' என்றொரு சொல் உண்டு. கவிதை எழுதுபவரை அது குறிப்பதில்லை. பொறியியல், வங்கி, கணக்கு என்று எதிலும் பழகாமல் வேறொரு துறையிலிருந்து எம்.பி.ஏ. படிக்க வந்தவர் எவராயினும் அங்கே கவிஞர்தாம். பாதி கேலி, பாதி பரிவு. இலக்கியம் வாசிக்கும் நமக்கு இதைக் கேட்டுச் சற்றே சினம் எழுவது இயல்பு.

பீட்டர் ராபின்சன் அப்படியொரு கவிஞர். 1987இல் பெர்லின் சுவரருகே ரீகன் ஆற்றிய உரையை எழுதியவர். மறு ஆண்டு ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்தார். முதலாண்டில் பட்ட பாட்டை 1994இல் நூலாக்கினார். டெய்லி டெலிகிராஃப் நாளிதழுக்காகப் பாரிஸிலிருந்து எழுதிவந்த ஃபிலிப் டெல்வ்ஸ் ப்ராட்டன் 2004இல் ஹார்வர்டில் நுழைந்தார். 2006இல் பட்டம் பெற்றபோது கையில் வேலை இல்லை. 2008இல் அவரும் ஒரு நூல் எழுதினார். (இருவரிடமிருந்தும் வணிகப் பள்ளி வாங்கியது ஆளுக்கொரு புத்தகத்தைத்தான் என்று நாம் சிரித்துக்கொள்ளலாம்.)

இவர்களுக்கு அனுமதி கிடைத்ததில் வியப்பில்லை. ஹார்வர்டில் ஒரு நிறுவனத்தின் இக்கட்டை முன்கூட்டியே வாசித்து வந்து, ஏறத்தாழ தொண்ணூறு பேர் வகுப்பில் விவாதிக்கிறார்கள். அத்தனை பேரும் வங்கியிலிருந்தே வந்திருந்தால் விவாதம் எங்கிருந்து பிறக்கும்? எனவே ஆசிரியரும் இராணுவ அதிகாரியும் நிருபரும் வேண்டியிருக்கிறார்கள். ஆனால் படிப்பின் முடிவில் ஆளெடுக்க வரும் நிறுவனங்களிற் பலவற்றுக்கு அந்த வண்ணக்கலவை தேவைப்படுவதில்லை; அதே வேலையை முன்பே செய்தவர் எவர் என்றுதான் பார்க்கின்றன. வகுப்பறைக்கும் வேலைச்சந்தைக்கும் நடுவிலுள்ள இந்தப் பள்ளத்தைப் பற்றி, விண்ணப்பம் எழுதக் கற்றுத்தருபவர்கள் அதிகம் பேசக் காணோம்.

அவர்கள் கற்றுத்தருவது வேறு. உங்களுக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது எது, ஏன் என்று ஸ்டான்ஃபோர்ட் பல்லாண்டுகளாகக் கேட்டுவருகிறது. பத்தாண்டு நாடகக்குழு நடத்தியவர், அத்தனையும் மேலாண்மைக்கான ஒத்திகையே என்று விடை எழுதுகிறார். தான் வாழ்ந்த வாழ்க்கையை இன்னொன்றின் முன்னுரையாகச் சுருக்கிக்கொள்கிறார். இதை நாம் ஏற்பதற்கில்லை. நாடகம் நாடகத்துக்காகவே நடந்தது. எத்தனை நடிகர்களுக்கு ஊதியம் கொடுத்தார், அரங்கு கைவிட்டுப்போன அன்று என்ன முடிவெடுத்தார், கடனை எப்படி அடைத்தார் என்று எழுதினாலே போதும். சிறுபத்திரிகை நடத்திய எவருக்கும் நடைமுறை மூலதனம் என்னவென்று தெரியும்; பெயர்தான் தெரியாது.

கணக்கு வருமா என்ற ஐயத்தை மட்டும் எந்த உரைநடையாலும் தீர்க்கவியலாது. அதற்கு ஜிமேட் அல்லது ஜிஆர்இ மதிப்பெண்ணும், முன்னதாகவே படித்து முடித்த ஒரு புள்ளியியல் பாடமும்தான் விடை. அதைவிடக் கடினமான வேலை ஒன்றுண்டு: தன்னைப்போல் வேற்றுத்துறையிலிருந்து போய்ப் படித்துத் திரும்பியவர்களைத் தேடிப் பிடித்து, படிப்பு முடிந்த ஆண்டில் எந்தக் கதவு திறந்தது, எது திறக்கவில்லை, கல்விக்கடனில் எவ்வளவு மிச்சம் என்று கேட்பது. விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்னால் கேட்பது.