அந்தத் திருகு எந்தக் கம்பெனி?

பல் இம்பிளான்ட் விளம்பரங்கள் பெரும்பாலும் தாடை எலும்புக்குள் பதியும் டைட்டானியம் திருகாணியைத்தான் காட்டுகின்றன. ‘ஆயுள் முழுக்க உத்தரவாதம்’ என்ற வாசகமும் பெரும்பாலும் அதற்கே. அந்தப் பெருமையில் பொய்யில்லை. 1965-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் பெர்-இங்வார் பிரானமார்க் முதன்முதலில் சிகிச்சையளித்த யோஸ்டா லார்சன், 2006-இல் இறக்கும்வரை அந்த இம்பிளான்ட்டுகளைக் கொண்டே மென்று சாப்பிட்டார். எலும்பும் டைட்டானியமும் ஒன்றிப்போகுமா என்ற கேள்வி எப்போதோ தீர்ந்துவிட்டது. தீராமல் இருப்பது ஈறுக்கு மேலே உள்ள சங்கதி: இம்பிளான்ட்டையும் கேப்பையும் இணைக்கும் அபட்மென்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் சின்னத் திருகு, அதன்மேல் அமரும் கேப், கழற்றி மாட்டும் பல்செட் என்றால் அதைக் கவ்வும் அட்டாச்மென்ட். இவை எந்தக் கம்பெனியுடையவை, என்ன அளவு என்று தெரியாமலேயே நம் நோயாளிகளில் பலர் வீடு திரும்புகிறார்கள். அந்த விவரத்தை எழுத்தில் தருவதை மருத்துவரின் நல்லெண்ணத்துக்கு விட்டுவைக்காமல் கட்டாயமாக்க வேண்டும்.

பியார்னி பியெதுர்சனும் சக ஆய்வாளர்களும் 2012-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, இம்பிளான்ட் மேல் பொருத்திய பிரிட்ஜ் பற்றிய முந்தைய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. ஐந்து ஆண்டுகளில் நிலைத்த இம்பிளான்ட்டுகள் 95 சதவீதத்துக்கும் மேல். ஆனால், அதே ஐந்து ஆண்டுகளை எந்தச் சிக்கலும் இல்லாமல் கடந்த நோயாளிகள் 66.4 சதவீதம்தான். மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஒன்று நேர்ந்திருக்கிறது. மேலே பூசிய பீங்கான் உடைந்தது 13.5 சதவீதம், அபட்மென்ட்டோ திருகோ தளர்ந்தது 5.3 சதவீதம். ஈறு, எலும்பு அழற்சியும் இருக்கத்தான் செய்தது. எனினும் பட்டியலின் பெரும்பகுதி இயந்திரக் கோளாறு. அதில் வியப்பில்லை. அபட்மென்ட் திருகு இறுக்கும்போது மிக நுண்ணிய அளவில் நீள்கிறது. சுருங்கப் பார்க்கும் அந்த இழுவிசைதான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. பெரும்பாலான கம்பெனிகள் கேட்கும் முறுக்கு விசை 30 முதல் 35 நியூட்டன் சென்டிமீட்டர். கைவிரலால் திருகினால் பெரும்பாலும் அந்த அளவு வராது; அளவு காட்டும் ராட்செட் வேண்டும். பாகங்கள் சரியாகப் பொருந்தாவிட்டால் ஒவ்வொரு மெல்லலிலும் நுண்ணசைவு ஏற்படும், இழுவிசை குறையும், திருகு தளரும். தளர்ந்ததைக் கவனிக்காமல் விட்டால் ஒருநாள் முறியும்.

தளர்ந்த திருகை மாற்ற அதே கம்பெனியின், அதே மாடலின் திருகு வேண்டும். இம்பிளான்ட்டும் அபட்மென்ட்டும் சேரும் வாய்க்கு உலகப் பொது அளவு கிடையாது. ஐஎஸ்ஓ 14801 என்ற தரநிலை, பாகம் எவ்வளவு சுமையைத் தாங்கும் என்று சோதிக்கும் முறையைச் சொல்கிறதே தவிர, அளவை நிர்ணயிப்பதில்லை. பிரானமார்க்கின் வெளி அறுகோண இணைப்பைப் பலரும் பின்பற்றியதால் அது மட்டும் ஏறக்குறையப் பொதுவானது. பிறகு வந்த உட்கூம்பு இணைப்புகளில் ஒருவர் 8 டிகிரி சாய்வு வைத்தார், இன்னொருவர் 11 டிகிரி. கம்பெனிகளும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. பிரானமார்க்கின் முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்த நோபல் பயோகேரை 2014-இல் டானஹர் வாங்கியது. 2019-இல் அது என்விஸ்டாவின் கீழ் போனது. பெரிய கம்பெனிகள் பழைய பாகங்களை ஓரளவு தொடர்ந்து விற்கின்றன. மலிவு விலையில் வந்து நாலு வருடத்தில் காணாமல் போகும் கம்பெனிகளிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடாதா என்று மருத்துவர்கள் கேட்பதுண்டு. அனுபவசாலி பல நேரம் சரியாகச் சொல்லிவிடுவார். ஆனால், வேர் வடிவில் ஒன்றையொன்று ஒத்த எத்தனையோ இம்பிளான்ட்டுகள் புழக்கத்தில் உள்ளன. படம் எடுக்கும் கோணம் சற்று மாறினாலும் இணைப்பின் உள்வடிவம் மறைந்துவிடும். ஊகித்து வாங்கிய திருகைப் போட்டு முறுக்கி இம்பிளான்ட்டின் உள்மரையைக் கெடுத்துவிட்டால், எலும்பில் நன்றாக ஊன்றி நிற்கும் இம்பிளான்ட்டே வீணாகும். அசலுக்குப் பதில் விலை குறைந்த ‘கம்பேட்டிபிள்’ பாகம் போடுவது தவறா என்பது வேறு கேள்வி. எல்லாம் மோசம் என்று சொல்வதற்கில்லை. நடுத்தரக் குடும்பங்களுக்கு இந்தச் சிகிச்சை எட்டுவதற்கு அவையும் ஒரு காரணம். ஆனால், எது போடப்பட்டது என்று எழுதிக்கொடுப்பதில் என்ன தடை? விவரம் கையில் இருந்தால் நோயாளி வேறு கிளினிக்குக்குப் போய்விடுவார் என்ற பயம் என்றால், அதை மருத்துவக் காரணம் என்று ஏற்க முடியாது.

கேப்பை எப்படி நிறுத்துவது என்பதிலும் இதே பிரச்சினை இருக்கிறது. சிமென்ட் வைத்து ஒட்டினால் திருகுத் துளை தெரியாது, பல் அழகாக இருக்கும். அடியில் திருகு தளர்ந்தாலோ கேப்பைத் துளைத்தோ உடைத்தோதான் உள்ளே போக முடியும். ஈறுக்குள் வழியும் சிமென்ட் இன்னொரு வினை: தாமஸ் வில்சன் 2009-இல் உள்நோக்கிக் கருவியால் பார்த்தபோது, அழற்சி கண்ட இம்பிளான்ட்டுகளில் 81 சதவீதத்தில் எஞ்சிய சிமென்ட் இருந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் எச்சரிக்கை தெளிவு. ஒட்டாமல் திருகினால் முன்பல்லில் துளை வெளியே தெரியும் என்ற ஆட்சேபம் நியாயமானது. சாய்த்துக் குடையும் திருகு வழி வந்தபின் அந்த ஆட்சேபத்தின் வலு குறைந்திருக்கிறது. கடைவாய்ப் பல்லிலும் பழக்கத்தால் சிமென்ட்டையே நாடுவதற்கு எனக்குக் காரணம் புரியவில்லை. ஒட்டியதா, திருகியதா என்பது எழுதப்பட்டிருந்தால் அடுத்த மருத்துவர் எங்கே துளைப்பது என்று தடுமாற மாட்டார்.

அதிகம் பாதிக்கப்படுவோர் முதியவர்கள். பற்களெல்லாம் போனவருக்குக் கீழ்த்தாடையில் இரண்டு இம்பிளான்ட், அவற்றைக் கவ்வும் பல்செட் என்பதே முதல் தெரிவாக இருக்க வேண்டும் என்று 2002-இல் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் சொன்னார்கள். வழுக்கிக்கொண்டே இருக்கும் கீழ்ப்பல்செட்டோடு மல்லுக்கட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால், கவ்வும் நைலான் வளையம் தேயும் பொருள். அவ்வப்போது மாற்றியாக வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து சில நிமிடங்களில் முடியும் வேலை, அட்டாச்மென்ட் எதுவென்று தெரிந்தால். மதுரையில் சிகிச்சை செய்துகொண்டு பிள்ளையோடு பெங்களூருக்கோ டொரன்டோவுக்கோ குடிபோனவருக்கு அது தெரியாவிட்டால், அபட்மென்ட் தொடங்கி எல்லாவற்றையும் புதிதாகப் போடச் சொல்வார்கள்.

சட்டமும் முழுமையாக இல்லை. 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் மருத்துவக் கருவி ஒழுங்குமுறை, இம்பிளான்ட் பொருத்தியவருக்கு அதன் விவரம் அடங்கிய அட்டை தரச் சொல்கிறது. ஆனால், பல் கேப், திருகு, இணைப்பான் ஆகியவற்றுக்கு விலக்கு! அதிகம் பழுதாகும் பாகங்களே அந்த விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகளின் கவனம் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை மீது. எழுதித் தருவதைக் கட்டாயமாக்கினால் கூடுதல் வேலை, கூடுதல் செலவு என்ற முனகல் எழும். ஆனால், இம்பிளான்ட் பெட்டிகளில் மாடல் எண்ணும் லாட் எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டுகள் வழக்கமாகக் கூடவே வருகின்றன. ஒன்று கேஸ் ஷீட்டில் ஒட்டுவதற்கு, மற்றது நோயாளிக்கு. அபட்மென்ட்டுக்கும் அட்டாச்மென்ட்டுக்கும் அதையே செய்து, எந்த லேப் செய்த கேப், என்ன பொருள், எவ்வளவு விசையில் இறுக்கியது என்று இரண்டு வரி சேர்த்தால் போதும். தாள் தொலைந்துபோகும் என்பவர்கள் அதைப் போட்டோ எடுத்து நோயாளியின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பலாம். தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி இதைத் தொடங்கிவைக்கலாம். வெளியேறும் ஒவ்வொரு மாணவரும் பழகிய வழக்கமாக அதைத் தன் கிளினிக்குக்கு எடுத்துப்போவார்.