அலுமாரியில் இருக்கும் சென்சர் யாருக்கு?

கொஞ்சம் காரமாகத்தான் எழுதுகிறேன்.

2010இல் இருந்து மாம்புரிக் கடற்கரையில் காற்றாலைகள் சுழல்கின்றன. அவற்றைப் பார்த்தபடி பாடசாலைக்கு வரும் பிள்ளை கோணவேகத்தைச் சூத்திரமாக மட்டும் பாடமாக்குகிறது.

சுழற்சி சென்சர் கிடைத்த பாடசாலை ஒன்றை எனக்குத் தெரியும். கையளித்த அன்று போட்டோ எடுத்தார்கள். பிறகு அலுமாரி, பூட்டு. கேட்டால், "அமானிதம் சேர், பிள்ளைகள் உடைத்தால் யார் பொறுப்பு?"

அமானிதம் யாருக்காக? பிள்ளைகளுக்காகத்தானே!

அப்படி என்ன மர்மம் அதில்? கீற்றுகள் வெட்டிய தட்டு சுழல, ஒளி விட்டுவிட்டு விழும். அதை எண்ணினால் கோணம். பழைய உருண்டை மவுசிலும் இதே வேலைதான். தாங்கியில் இறுக்குங்கள், கப்பியில் நூல் சுற்றி நிறையைத் தொங்கவிடுங்கள், கணினியில் கப்பியின் ஆரையைச் சரியாகக் கொடுங்கள். ஒரு பாடவேளை போதும்.

"உயர்தரத்தில் செய்முறைப் பரீட்சை இல்லையே" என்பார்கள். பௌதிகவியல் அமைப்புக் கட்டுரையில் கேட்பது செய்முறையைத்தானே?

சென்சர் இல்லாத பாடசாலைக்கும் சாக்கு இல்லை. காற்றாலையின் ஓர் இறகை மட்டும் பார்த்து, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணச் சொல்லுங்கள். 15 என்றால் செக்கனுக்கு 1.57 ஆரையன். இதற்கு எந்த அலுவலகத்தின் அனுமதியும் வேண்டாம்.

உடைந்த சென்சரைத் திருத்தலாம். அதைத் தொடாமலே பரீட்சைக்குப் போன பிள்ளைக்கு அந்த இரண்டு வருடத்தைத் திருப்பிக் கொடுக்க ஏலாது.

நாளைக்கே சாவியை எடுங்கள், சேர்.